முடிச்சக்கா பாஸ்போர்ட் எடுத்த கதை

முடிச்சக்காவோடு ஒரே சலவைக்கடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். அவள் என்னை முழுசாக நம்பிய நாள் ஒன்றைக் காட்டு என்றால் என்னால் முடியாது. நான் ரசீது எழுதுகிறவள். நான் கை கழுவ எழுந்து போனால்கூட அவள் ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். "யாராவது ஒரு தாளைக் கிழிச்சுட்டா?" என்பாள். "கடையில நீயும் நானும்தானே இருக்கோம், யாரு கிழிப்பா?" என்று கேட்டால், "அதைத்தான் நானும் சொல்றேன்" என்பாள். எத்தனையோ முறை எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் வேறு யாராவது அவளைக் குறை சொன்னால் விடமாட்டேன். நான் சொல்லலாம், அடுத்தவர் சொல்லக் கூடாது.

முடிச்சக்கா என்ற பெயர் அவள் வேலையால் வந்தது. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் யாருடையது என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டும். மற்ற கடைகளில் காகிதத்தை ஒட்டுவார்கள், ஊக்கு குத்துவார்கள். ஒட்டியது தண்ணீரில் போகும், ஊக்கு துருப்பிடிக்கும் என்று அக்கா இரண்டையும் சேர்க்க மாட்டாள். விரல் நீளத்துக்கு வெள்ளைத் துணியைக் கிழித்து, அழியாத மையில் எண் எழுதி, காலருக்கு உள்பக்கம் வைத்து, சிவப்பு நூலால் மூன்று சுற்றுத் தைத்து, கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவாள். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அறுத்தால் அதே மாதிரி திருப்பிப் போட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. இதை அவளே ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்லுவாள்.

ஒரு முறை ஒருவர் நைந்துபோன கோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்னோடது இல்ல, நான் புதுக் கோட்டு குடுத்தேன், மாத்திட்டீங்க" என்று கடையே அதிரக் கத்தினார். முதலாளிக்கே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்கா மெதுவாக வந்து காலரைத் திருப்பினாள். "இது என் முடிச்சு. நீங்க இதைப் போன மாசமும் போட்டீங்க, அதுக்கு முந்தின மாசமும் போட்டீங்க. கோட்டு பழசாயிடுச்சு, உங்களுக்குத்தான் ஞாபகம் புதுசா இருக்கு" என்றாள். அவர் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் யாரோ மாற்றிவிடுவார்கள் என்ற பயம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. குடையின் மடிப்பில் முடிச்சு. சாப்பாட்டுப் பையின் காதில் முடிச்சு. செருப்பு வாரில்கூட முடிச்சு. "உன் செருப்பை யாரு திருடுவா, பார்த்தாலே ஓடிடுவாங்க" என்று நான் கிண்டல் செய்தால், "உனக்கென்னடி, எதைத் தூக்கிட்டுப் போனாலும் கவலை இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்குக் கணவர் இல்லை. ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் ஆகி வெளிநாட்டுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே நல்ல வேலை. வாரத்துக்கு ஒரு முறை மகள் போனில் முகம் காட்டிப் பேசுவாள். அக்கா கடையில் இருக்கும்போது அழைப்பு வந்தால் நானும் எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

"அவ மேல இருந்த சட்டையைப் பார்த்தியா?" என்று ஒரு நாள் அக்கா கேட்டாள்.

"பார்த்தேன். நீலம். நல்லாத்தான் இருக்கு."

"நாலு வாரமா அதே சட்டைடி. காலர்ல அழுக்குக் கோடு விழுந்திருக்கு. அங்க இப்ப நல்ல வெயில் காலம். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கா. என் பாப்பாவுக்குக் கழுத்துப் பட்டன் போட்டாலே மூச்சு முட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் தினமும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனில் வர வேண்டுமா என்ன? சொன்னேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மகள் முகம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். கேமரா கெட்டுப்போச்சு, குரல் மட்டும்தான் என்றாள். இரண்டு மாதம் குரல் மட்டும்தான். "எப்படி இருக்க?" என்றால் "நல்லா இருக்கேன்." "நான் வரட்டுமா?" என்றால் "இப்ப வேண்டாம்மா, அப்புறம் வா."

"இந்த 'அப்புறம்' எனக்குப் பிடிக்கல" என்றாள் அக்கா. "நேர்ல போய் என் கண்ணால பார்க்காம எனக்குத் தூக்கம் வராது. பாஸ்போர்ட் எடுக்கணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முடிச்சக்காவுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கிற பாவத்தை நான் தலையில் போட்டுக்கொண்டேன்.

விண்ணப்பம் போட ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் அவள் பிறந்த தேதியைக் கேட்டார். "உங்களுக்கு எதுக்கு?" என்றாள். அம்மா பெயரைக் கேட்டார். "அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க, அவங்களை எதுக்கு இதுல இழுக்கறீங்க?" என்றாள். முக்கால் மணி நேரம் ஆனது. எழுந்து வரும்போது, அவர் தட்டிய விவரங்களையெல்லாம் அழித்தால்தான் நகர்வேன் என்று கல் மாதிரி நின்றாள். அழித்ததாக அவர் காட்டினார். "திரையில அழிச்சீங்க. உள்ள அழிச்சீங்களா?" என்று கேட்டதும் அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் போட்டோ எடுக்கிற பெண், "சிரிக்கக் கூடாதும்மா" என்றாள். "நான் எப்ப சிரிச்சேன்?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்விதான். கைரேகை எடுத்தார்கள். இதெல்லாம் எங்கே போகும் என்று அவள் கேட்க, அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"இது மின்னணு பாஸ்போர்ட்டும்மா. அட்டைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கும். உங்க போட்டோ, கைரேகை, பேரு எல்லாம் அதுல இருக்கும்."

"அதை நான் எப்படிப் படிக்கிறது?"

"நீங்க படிக்க முடியாது. மெஷின்தான் படிக்கும்."

"என்னைப் பத்தி எழுதி வச்சிருக்கறதை நான் படிக்க முடியாது, எங்கயோ இருக்கற மெஷின் படிக்கும். நல்லா இருக்கு நியாயம்!"

அதற்கப்புறம் விலாசம் சரிபார்க்க ஒருவர் வந்தார். விசாரிக்க வந்தவரை இவள் விசாரித்தாள். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், எந்த அறையில் உட்காருகிறீர்கள், மேலே யார் என்றெல்லாம் கேட்டாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பாஸ்போர்ட் தபாலில் வீட்டுக்கு வந்ததும் அக்கா அதைக் கடைக்கு எடுத்து வந்தாள். மேஜையைத் துடைத்து, அதன் மேல் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். போட்டோவைப் பார்த்து, "யாரோ மாதிரி இருக்கேன்" என்றாள். அட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஊசிப் பெட்டியை இழுத்தாள்.

"அக்கா, என்ன பண்ணப் போற?"

"விசா வாங்கற இடத்துல இதைக் குடுக்கணும்னு சொன்னல்ல? அங்க நூறு பேரு குடுப்பாங்க. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. துணியாவது பரவாயில்ல, ஆளுக்கு ஒரு நிறம். இதுல மாறிப்போனா நான் என் பொண்ணைப் போய்ப் பார்த்த மாதிரிதான்."

பின் அட்டையின் உள்பக்கம் வெள்ளைத் துணித்துண்டை வைத்தாள். அட்டை தடிமனாக இருந்ததால் ஊசி இறங்கவில்லை. பெரிய ஊசியை எடுத்தாள். "பிடிச்சுக்கோடி" என்றாள். நான்தான் பிடித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. மூன்று சுற்று, ஒரு முடிச்சு. "இப்ப எவன் மாத்தறான்னு பார்க்கறேன்" என்றாள்.

விசா அலுவலகத்தில் கவுன்ட்டர் பெண் அந்தப் பாஸ்போர்ட்டை ஒரு கருவியின் மேல் வைத்தாள். எடுத்தாள். திருப்பி வைத்தாள். பக்கத்து மேஜைக் கருவிக்குப் போய் அங்கேயும் வைத்தாள். திரும்பி வந்து, "சிப் படிக்கலம்மா. இந்தப் பாஸ்போர்ட்ல விசா தர முடியாது. வேற மாத்தி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, முதல் வேலையாகப் பின் அட்டையைத் திறந்து பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

"மாத்தல" என்றாள் என்னிடம். "இது என்னோடதுதான். அப்படின்னா எனக்குக் குடுக்கும்போதே வெறும் சிப்பை வச்சுக் குடுத்திருக்கானுங்க. பாஸ்போர்ட் ஆபீஸ்ல எவனோ என் காதுல பூ சுத்தியிருக்கான்."

பேருந்தில் வரும் வழியெல்லாம் ஆள் ஆளாகச் சந்தேகப்பட்டாள். கம்ப்யூட்டர் கடைக்காரர் உள்ளே எதையோ அழித்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர் மனசில் வைத்துக்கொண்டு பழி வாங்கிவிட்டார். தபால்காரர் வெயிலில் போட்டுவிட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ யாருகிட்டயாவது ஏதாவது சொன்னியா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போயிருப்பேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனால் இறங்கவில்லை.

அந்த வாரம் மகள் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. பேச்சின் நடுவில் எங்கோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "சரிம்மா வைக்கறேன்" என்று டக்கென்று வைத்துவிட்டாள்.

"யாராவது வந்திருப்பாங்க" என்றேன்.

"வந்தது மாப்பிள்ளை. புருஷன் வீட்டுக்குள்ள வந்தா அம்மாகிட்டப் பேசற போனை எதுக்குடி வைக்கணும்?"

மறுநாள் காலையில் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனோம். கவுன்ட்டரில் அவள் போட்ட சத்தத்தில் டோக்கன் வாங்க நின்றவர்கள் எல்லாம் வரிசையை விட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். "வெறும் அட்டையைக் குடுத்து ஏமாத்தினது யாரு, அந்த ஆளைக் கூப்பிடுங்க!" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். சமாளிக்க முடியாமல், மாற்றுப் பாஸ்போர்ட் அவசரமாக வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கி, அதோடு எங்களை மாடியில் இருந்த அதிகாரியின் அறைக்கு அனுப்பினார்கள்.

அதிகாரி ஐம்பது வயசுக்காரர். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டியிருந்தார். அக்கா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பாஸ்போர்ட்டை வாங்கினார், பின் அட்டையைத் திறந்தார், துணித்துண்டைத் தூக்கிப் பார்த்தார், மேஜை விளக்கைப் போட்டு அட்டையை அதன் முன்னால் பிடித்தார். ஆறு ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இதைத் தைச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா பெருமையாக.

"இந்த அட்டைக்குள்ளதான் சிப் இருக்கு. அதைச் சுத்தி முடி மாதிரிக் கம்பி ஓடும். உங்க ஊசி அதை அறுத்துடுச்சு. நாங்க குடுத்தப்ப இது வேலை செஞ்சுது. அதுக்கு இங்க பதிவு இருக்கு."

அட்டையைப் பிடித்துக்கொண்டவள் நானாயிற்றே. அக்கா பாஸ்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் யார் யாரையோ திட்டித் தீர்த்தாளே, அந்த ஆள் அவளேதான்.

விஷயம் அதோடு முடியவில்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். அவள் எங்களையெல்லாம் பார்க்கிற பார்வை அது.

"சிப்பை வேணும்னே கெடுக்கறவங்க இருக்காங்க. யாருன்னு மெஷினுக்குத் தெரியக் கூடாதுன்னு பண்ணுவாங்க. சரியா கம்பி இருக்கற இடத்துல ஆறு ஓட்டை. உங்களுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். மாறிடக் கூடாதுன்னு தைச்சேன். எல்லாத்துலயும் தைப்பேன்."

"பாஸ்போர்ட்ல யாராவது முடிச்சுப் போடுவாங்களா? இதை நான் எழுதி மேல அனுப்பணும். விசாரணை முடியற வரைக்கும் புதுசு கிடையாது. மூணு மாசம் ஆகும், ஆறு மாசமும் ஆகலாம்."

அக்கா உட்கார்ந்திருந்த இடத்திலேயே சுருங்கிப்போனாள். மகளிடம் போவதற்கு இருந்த ஒரே வழியை அவள் கையே அடைத்துவிட்டது. எனக்கு அவள் மேல் கோபம், என் மேல் கோபம், அந்த அதிகாரி மேல் அதைவிடக் கோபம். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நாற்காலியில் தொங்கிய கோட்டைப் பார்த்துவிட்டாள்.

"சார், அந்தக் கோட்டுக் காலரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்க சார்."

திருப்பினார். உள்ளே ஒரு வெள்ளைத் துணித்துண்டு, சிவப்பு நூல், மூன்று சுற்று, முடிச்சு. எங்கள் கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்த அலுவலகத்துத் துணியில் பாதி எங்களிடம்தான் வரும். அவர் கோட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு முடிச்சும் ஒரே கையால் போட்டவை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"இப்பப் போட்டிருக்கற பேன்ட்டோட இடுப்புப் பட்டியிலயும் இருக்கும் சார்" என்றாள் அக்கா.

அவர் கை தன்னால் இடுப்புக்குப் போனது. சிரித்துவிடக் கூடாது என்று நான் தரையைப் பார்த்தேன். அவருக்கும் உதடு துடித்தது. ஆனாலும் ஆள் கெட்டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தைத் திரும்பப் படித்தார்.

"சரி, தைச்சது பழக்கத்துலன்னு வச்சுக்கறேன். ஆனா அவசரம்னு போட்டிருக்கீங்க. மகளைப் பார்க்கப் போறேங்கறீங்க. மகள் அழைச்ச கடிதம் எங்க?"

"கடிதம் இல்ல சார்."

"அவங்க கூப்பிடலையா?"

"அப்புறம் வான்னு சொன்னா" என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று உறைத்தது.

"கூப்பிடாத வீட்டுக்கு அவசரமாப் போறீங்க, அதுவும் ஓட்டை போட்ட பாஸ்போர்ட்டோட" என்றார் அதிகாரி. "மகளோட நம்பரைக் குடுங்க. நானே கேட்கறேன். ஆமான்னு சொன்னா இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா விசாரணைதான். நடுவுல நீங்க பேசக் கூடாது."

அக்கா நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் மேஜை போனில் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்த நேரத்தில், "ஹலோ" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

அதிகாரி தான் யார் என்று சொன்னார். "உங்க அம்மா உங்களைப் பார்க்க வரணும்னு விண்ணப்பம் குடுத்திருக்காங்க. நீங்க வரச் சொன்னீங்களா?"

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. வரச் சொன்னீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இல்ல சார். நான் வரச் சொல்லல" என்றாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். "சரிம்மா, அவ்வளவுதான்" என்று பொத்தானை அழுத்தக் கை நீட்டினார்.

"சார், வச்சுடாதீங்க. நீங்க நிஜமாவே பாஸ்போர்ட் ஆபீஸ்தானா?"

"ஆமாம்மா."

"நான் ஒண்ணு கேட்கலாமா? ஒருத்தரோட பாஸ்போர்ட்டை இன்னொருத்தர் எடுத்துப் பூட்டி வச்சுக்கலாமா சார்? வீட்டுக்காரரா இருந்தா வச்சுக்கலாமா?"

பேனா நின்றது.

"எவ்வளவு நாளா பூட்டி வச்சிருக்கார்?" என்றார் அதிகாரி. குரலே மாறிவிட்டது.

"எட்டு மாசமா. கேட்டா அடிப்பார் சார். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அவங்க சின்ன விஷயத்துக்கே பயப்படுவாங்க. இதைத் தாங்க மாட்டாங்க."

அக்கா கத்துவாள், மேஜையைத் தட்டுவாள், அந்த மாப்பிள்ளையின் ஏழு தலைமுறையையும் இழுப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்ப் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"பாப்பா" என்றாள்.

"அம்மா?"

"நான்தான். தாங்குவேன்டி. சொல்லு."

அந்தப் பக்கம் வெடித்து வந்த அழுகையை நான் கேட்டிருக்கவே கூடாது. நாலு வாரம் ஒரே சட்டை என்று அவள் சொன்னபோது சிரித்தவள் நான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதிகாரி விறுவிறுவென்று கேட்டார். வீட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகிறாரா? இல்லை. எப்போது திரும்புவார்? சாயங்காலம். பிறகு ஏன் வெளியே போகவில்லை?

"பாஸ்போர்ட் இல்லாம தெருவுல இறங்கினா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்கன்னு சொன்னார் சார்."

"பொய். விண்ணப்பத்துல உங்க ஊர் பேர் இருக்கு, நம்ம தூதரகம் அதே ஊர்லதான் இருக்கு. நேரா அங்க போங்க. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டார்னு சொல்லுங்க. புதுசு கேட்டு எழுதிக் குடுங்க. நான் இப்பவே அவங்களுக்குத் தகவல் அனுப்பறேன்."

"அதுக்கு அவர் கையெழுத்து வேணுமே?"

"வேண்டாம்மா. உங்க கையெழுத்து போதும்."

இதற்கப்புறம் பேச்சை அக்கா எடுத்துக்கொண்டாள். "இப்பவே கிளம்பு. துணி எடுக்காத, பை எடுக்காத. பையைப் பார்த்தா எவனுக்காவது சந்தேகம் வரும். கடைக்குப் போற மாதிரி போ. எதிர்ல யாராவது எங்கன்னு கேட்டா, பால் வாங்கன்னு சொல்லு. லிஃப்ட்ல போகாத, படியில இறங்கு. போனைக் கையிலயே வச்சுக்கோ, கட் பண்ணாத." ஒரு தடுமாற்றம் இல்லை. யாரை எப்படி ஏமாற்றுவார்கள் என்று ஆயுசு முழுக்க யோசித்தவள், அதையெல்லாம் அன்றைக்கு மகளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படி இறங்குகிற சத்தம் கேட்டது. தெருச் சத்தம் கேட்டது. "பஸ் வந்துடுச்சும்மா." அதிகாரி யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று வெளியே சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். இன்னொரு போனில் யாரிடமோ மெதுவாகப் பேசினார். பிறகு அக்காவின் விண்ணப்பத்தை இழுத்து, எழுதியதை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் நாங்கள் அந்தப் பேருந்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு முறை அக்கா ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நான் சந்தேகப்பட்டதெல்லாம் தப்பாப் போச்சு. இது ஒண்ணு தப்பாப் போயிருக்கக் கூடாதாடி?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

"இறங்கிட்டேன்மா. கட்டடம் தெரியுது." நடை. வேகமான மூச்சு. பிறகு குரல் சட்டென்று தாழ்ந்தது. "வாசல்ல ஒரு ஆள் நிக்கறார். என் பேரைச் சொல்லிக் கூப்பிடறார். உள்ள வாங்கன்னு சொல்றார். எனக்குப் பயமா இருக்கும்மா. அவரை நம்பலாமா?"

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். "நான் சொல்லி வச்ச ஆள்தான்" என்று அவர் தலையசைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலரைத் திருப்பிப் பார்ப்பதைவிட நெடுநேரம் பார்த்தாள்.

"நம்பு பாப்பா. உள்ள போ" என்றாள்.

கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் முடிச்சக்கா அழ ஆரம்பித்தாள்.